பால் குடிக்கையில் வேர்த்தவன்

...தூங்கிவிட்டானா, இல்லை கண்ணை மூடிக்கொண்டு ஏய்க்கிறானா, இவனை நம்ப முடியாது, சற்று முன்பும் இப்படித்தான் துணிமூட்டை மாதிரி துவண்டு கிடந்தான், கட்டிலில் கிடத்தியதுதான் தாமதம், ஊரையே கூட்டுகிற மாதிரி வீரிட்டான், ஸ்கேன் டாக்டர் கருவியைத் திரும்பவும் அதன் கொக்கியில் மாட்டிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடச் சொல்லிவிட்டாள். அழுகிற குழந்தையின் இதயத்தைப் பார்க்க முடியாதாம். ஏன், அழுகிறபோதும் அது உள்ளேதானே இருக்கிறது என்று கேட்க நினைத்தான், கேட்கவில்லை... ஓடுகிற லாரியில் நின்றுகொண்டு மூட்டை எண்ணச் சொன்னால் தன்னால் முடியுமா, அந்த மாதிரிதான் இருக்கும். நர்ஸ் தூக்க மருந்தின் மிச்சத்தை ஊசி இல்லாத ஊசிக்குழலில் எடுத்துக் கன்னத்தின் ஓரமாக விட்டாள், பிறகு மனைவியின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கி இவன் கையில் கொடுத்தாள். "அம்மாகிட்ட இருந்தா பால் வாசம் அடிச்சுக்கிட்டே இருக்கும், முட்டுவான், தூங்க மாட்டான். அப்பா வச்சிருங்க. அம்மா கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க." மனைவி எழுந்து போனாள், கதவருகே நின்று திரும்பினாள், குழந்தையைப் பார்க்கவில்லை, இவன் கைகளைப் பார்த்தாள், கீழே போட்டுவிடுவானோ என்கிற மாதிரி. சிமெண்ட் மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு பலகையில் ஏறுகிறவன், சரக்குக் கொட்டகையில் எல்லாரும் கிரேன் என்று கூப்பிடுகிற ஆள், நாலு மாதப் பிள்ளையைக் கீழே போடுவானா? ஆனால் முழங்கை விறைத்து நின்றது அவளுக்குத் தெரிந்திருக்கும். கனமில்லாததைத் தூக்கித்தான் பழக்கமில்லை.

உள்ளங்கை வெடிப்புகளில் போர்வையின் நூல் மாட்டி இழுக்கிறது, கையை அசைக்காமல் வைத்துக்கொண்டான். எத்தனை சோப்புப் போட்டாலும் சிமெண்ட் வாசம் போகாத கை, அதில் போய்த் தூங்குகிறான், அப்பன் வாசம் பழகிவிட்டது போல. நெற்றி நனைந்திருக்கிறது, இந்த ஏசிக் குளிரிலும். மூக்கின் மேல் குருணை குருணையாக, பிடரியில் முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு... பிறந்து கொஞ்ச நாளிலேயே பார்த்துவிட்டார்கள், பால் குடிக்க வாயை வைத்ததும் வேர்க்கும், நாலு மிடறு, நிறுத்தி மூச்சு வாங்குவான், மறுபடி நாலு மிடறு, குடித்து முடிப்பதற்குள் தாயின் மடி நனைந்துவிடும். மனைவிதான் முதலில் சொன்னாள், "இங்க பாருங்களேன், அப்படியே உங்களை உரிச்சு வச்சிருக்கான், பால் குடிக்கிறதையே லோடு இறக்குற மாதிரி குடிக்கிறான்." இவன் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் கொட்டகையில் போய்ச் சொன்னான். கொட்டகையில் வேர்வைக்கு ஒரு மரியாதை உண்டு. புது ஆள் வந்தால் மேஸ்திரி அவன் தோளைப் பார்க்க மாட்டார், கையைப் பார்க்க மாட்டார், முதல் லாரி காலியானதும் முதுகைப் பார்ப்பார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தால் சரி, காய்ந்து கிடந்தால் பக்கத்து ஆளின் உழைப்பைத் தின்கிறவன், நாளைக்கு வரவேண்டாம். வேர்க்கிறவன் உண்மையானவன், அங்கே அவ்வளவுதான் சட்டம். சொட்டைத் தலையன் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்று பெயர் வைத்தான், "டேய் கிரேன், உன் பையன் பொறந்ததுமே வேலைக்கு வந்துட்டான்டா. குட்டி லோடுமேன்! மேஸ்திரி, நாளையிலேருந்து அவனையும் ஆள் கணக்குல சேர்த்துக்குங்க." மேஸ்திரி சிரிக்காமல் பார்த்தார். "சேர்த்துக்கலாம். முதல்ல நீ திரும்பு, முதுகைப் பாக்கணும். காஞ்சுபோய்க் கெடக்கு. அந்தப் பையன்கிட்டப் போய்க் கத்துக்கிட்டு வா." கொட்டகையே குலுங்கியது. அன்றிலிருந்து வீட்டிலும் அதுதான் பெயர், குட்டி லோடுமேன் குடிச்சாச்சா, குட்டி லோடுமேன் தூங்குறாரா... பால் குடித்து முடித்ததும் தன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து அந்த நெற்றியைத் துடைத்துவிடுவான், துடைக்கிறபோது பெருமையாக இருக்கும். பெருமை! அந்தத் துண்டு இப்போதும் தோளில்தான் கிடக்கிறது. எடுத்துத் துடைக்கக் கை வரவில்லை.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் சளி என்றார்கள். மூக்கில் கவசத்தை வைத்து மருந்துப் புகை காட்டினார்கள், இரண்டு நாள் பரவாயில்லை போலிருந்தது, பிறகு மறுபடியும் மூச்சு அடித்துக்கொண்டது. மூச்சை வைத்து ஆளை அளக்கத் தெரிந்தவன் இவன், பலகையில் முன்னால் ஏறுகிறவன் வாயால் மூச்சு விட்டால் இன்னும் கொஞ்சம் தாங்குவான், தோள் எகிறினால் இறக்கி விட்டுவிட வேண்டும், கழுத்துக்குழி உள்ளே இழுத்தால் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும், இதெல்லாம் யாரும் சொல்லித்தந்ததில்லை, பின்னால் நடந்து நடந்து தெரிந்துகொண்டது... இந்தக் கண்ணாலேதான் பிள்ளையின் விலாவுக்குக் கீழே தோல் குழிந்து குழிந்து எழுவதையும் பார்த்தான், சின்ன உயிர், இப்படித்தான் விடும் போல என்று விட்டுவிட்டான். எடை ஏறவேயில்லை என்று மனைவி புலம்பிக்கொண்டிருந்தாள், போன மாதம் திடீரென்று ஏறியது, முகம் பூசினாற்போல ஆயிற்று, வயிறு நிறைந்து நின்றது, அவளுக்குத் தலைகால் புரியவில்லை, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டாத குறை. சதை இல்லையாம் அது. நீராம். ஈரல் வீங்கியிருந்ததாம். சளிக்கென்று எடுத்த எக்ஸ்ரேயில் சளியைக் காணவில்லை, நெஞ்சுக்கூடு முழுக்க இதயம்தான் இருந்தது. கிளினிக் டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார், எப்போதும் வாய் ஓயாத மனிதர். "இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க." இதயம் பெரிதாக இருக்கிறது என்று அவர் சொன்னதை வழியெல்லாம் மனதுக்குள் உருட்டிக்கொண்டே வந்தான். சின்னதாக இருப்பதைவிடப் பெரிதாக இருப்பது நல்லதுதானே... யாரிடம் கேட்பது?

நர்ஸ் வந்து குழந்தையின் கண்ணிமையை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தாள், அசையவில்லை, "வாங்க, பூ மாதிரி தூக்கிட்டு வாங்க" என்றாள் மெதுவாக. ஸ்கேன் அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள், எந்திரத்தின் வெளிச்சம் மட்டும். சுவரில் யானையும் பலூனுமாக ஒட்டியிருந்த காகிதம் அந்த நீல வெளிச்சத்தில் செத்துப்போன மாதிரி இருந்தது. டாக்டருக்கு இவன் வயதுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடி, தூக்கமில்லாத முகம், ஆனால் கை நிதானமான கை, அது இவனுக்குப் பிடித்திருந்தது, வேலை தெரிந்த கை. கொழகொழவென்று பசையை எடுத்து முதலில் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தாள், பிறகு குழந்தையின் நெஞ்சில் தடவினாள். சோப்புக்கட்டியைவிடச் சின்ன கருவி. திரையில் விசிறி விரித்த மாதிரி ஒரு வெளிச்சம் விழுந்தது, அதற்குள் கறுப்பு, கறுப்புக்குள் ஏதோ திறந்து திறந்து மூடியது, பசித்த வாய் மாதிரி. "அப்பா, காலை மட்டும் லேசா பிடிச்சுக்குங்க. பேர் வச்சாச்சா?" இன்னும் இல்லைங்க, வீட்ல குட்டி லோடுமேன்னு கூப்பிடுவோம் என்றான். அவள் திரையைப் பார்த்தபடியே சிரித்தாள், "அதென்ன அப்படி ஒரு பேரு?" இவனுக்கும் சற்றுத் தெம்பு வந்தது, எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி வடிவாகிப்போன கதை, நான் சரக்கு ஏத்தி இறக்குறவங்க, இவன் பால் குடிக்கும்போது எனக்கு லோடு இறக்கும்போது வேர்க்குற மாதிரியே வேர்க்கும், சொட்டச் சொட்ட, அதான்... சிரிப்பு நின்றுவிட்டது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்த இடம் அதுதான், அந்த இடத்தில் அவள் முகம் மாறிவிட்டது. "எப்பத்துலேருந்து வேர்க்குது?" பிறந்து கொஞ்ச நாளிலிருந்தே என்றான். "நிறுத்தி நிறுத்திக் குடிப்பானா?" ஆமாங்க. பிறகு அவள் பேசவில்லை. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான், லாரி டிரைவர்கள், கடைக்காரர்கள், மேஸ்திரியின் மாமனார் வரைக்கும். அத்தனை பேருக்கும் பிள்ளையின் நோயைத்தான் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறான்.

திடீரென்று திரையில் அது நின்றது. திறந்த வாய் திறந்தபடியே, அசைவில்லாமல். "டாக்டர்! நின்னுபோச்சு... நின்னுபோச்சு டாக்டர்!" குரல் அறையில் முட்டித் தெறித்தது, குழந்தையின் கால் இவன் பிடிக்குள் ஒருமுறை உதைத்தது. "உஷ்... அவனுக்கு ஒண்ணுமில்ல. படத்தை நான்தான் நிறுத்தினேன், அளக்கிறதுக்கு. நெஞ்சைத் தொட்டுப் பாருங்க." தொட்டான், வெடித்த விரலுக்கடியில் டக்கு டக்கென்று விரட்டிக்கொண்டு ஓடியது, அப்பாடா, ஓடுகிறது, ஆனால் ஏன் இப்படி ஓடுகிறது, யார் துரத்துகிறார்கள்? அவள் நின்ற படத்தில் ஒரு சிலுவைப் புள்ளி வைத்தாள், தள்ளி இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே புள்ளிப்புள்ளியாகக் கோடு விழுந்தது, ஓரத்தில் ஓர் எண். படத்தை ஓடவிட்டாள், நிறுத்தினாள், மறுபடியும் அதே இடத்தில் கோடு. பிறகு இன்னொரு தடவை. சரக்கு சரியாக இருந்தால் யாரும் மறுபடி அளப்பதில்லை, அது இவனுக்குத் தெரியும். மறுபடி அளக்கிறபோது குறைகிறது என்று அர்த்தம், அல்லது மிஞ்சுகிறது. இது எது? அவள் இடது கை எந்திரத்தின் ஒரு குமிழை வட்டமாக உருட்டிக்கொண்டே இருந்தது, உருட்டுகிறபோதெல்லாம் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தான், திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல்.

மனைவியை உள்ளே கூப்பிடச் சொன்னாள். வந்தவள் இவன் முகத்தைப் பார்த்தாள், இவன் சுவரில் இருந்த யானையைப் பார்த்தான். "மாசமா இருந்தப்போ உங்களுக்குச் சர்க்கரை இருந்துச்சாம்மா?" இல்லைங்க டாக்டர், எல்லாம் நல்லா இருந்துச்சு, ஒரு குறையும் இல்லன்னு சொன்னாங்க. அதைச் சொல்லும்போது அவளுக்கு அந்த நிலையிலும் ஒரு நிமிர்வு, பரீட்சையில் தேறினவள் மாதிரி. டாக்டர் தலையை ஆட்டினாள், நல்லது என்கிற ஆட்டம் அல்ல. "தாய்க்குச் சர்க்கரை இருந்தா சில பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி வரும். அது கொஞ்ச மாசத்துல தானாவே இறங்கிடும். அதுவா இருந்தா நல்லா இருந்திருக்கும், அதான் கேட்டேன்." மனைவி புரியாமல் நின்றாள், பிறகு புரிந்தது, புரிந்த மறு நொடியே கையை நீட்டிவிட்டாள், முழங்கை வரை துணியை ஒதுக்கி, "இருந்திருக்கும் டாக்டர். சரியா பார்த்திருக்க மாட்டாங்க. எனக்கு ராத்திரியெல்லாம் தாகமா இருக்கும். இப்பவே ரத்தம் எடுத்துப் பாருங்க. எங்க அக்காவுக்கு இருக்கு, எனக்கும் இருக்கும்..." நோய் வேண்டும் என்று ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நிற்பதை இவன் அதற்கு முன் பார்த்ததில்லை. டாக்டர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். "பழைய சீட்டெல்லாம் பார்த்துட்டேன்மா. உங்களுக்கு இல்ல."

"இதயம்ங்கிறது ஒரு தசைதான். இவனுக்கு அந்தத் தசை ரொம்பத் தடிச்சிருக்கு." இவனுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று நிமிர்ந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம், வாய் முந்திக்கொண்டது, "அப்போ... பலமா இருக்குன்னுதானே அர்த்தம்?" பின்னே? வருஷக்கணக்காகத் தூக்கித் தூக்கித் தடித்த தோள், தடித்த கழுத்து, சட்டைக் கை தொடையளவு வேண்டும் என்று தையற்காரன் கேலி செய்வான், தடித்த தசை என்றால் இவனுக்குத் தெரிந்து ஒரே அர்த்தம்தான், அது சோறு போடும். டாக்டர் கோபிக்கவில்லை. "எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. இது உள்பக்கமா தடிச்சிருக்கு. உள்ள ரத்தம் நிக்க இடமே இல்ல. தளர்ந்து கொடுக்கவும் மாட்டேங்குது." புரிந்தது. படித்தவர்கள் பேச்சு பாதிதான் புரியும், இது முழுக்கப் புரிந்தது, அதுதான் கொடுமை. கொட்டகையின் சுவரை உள்பக்கமாகவே கட்டிக்கொண்டு போனால்? வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் கோட்டை மாதிரி இருக்கும், உள்ளே நாலு மூட்டை அடுக்க இடமிருக்காது, வருகிற சரக்கெல்லாம் வாசலிலேயே தேங்கும், தேங்கித்தான் ஈரல் வீங்கியிருக்கிறது, தேங்கித்தான் முகம் பூசினது, அந்த ஒரு வாய்ப் பாலுக்கு அவன் அந்தச் சுவர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறான், நாலு மிடறு, மூச்சு, நாலு மிடறு... உண்மையாகவே லோடுதான் இறக்கியிருக்கிறான். "பிழைச்சுக்குவானா டாக்டர்?" கேட்டது மனைவி. இவன் கேட்டிருக்க மாட்டான். "இப்பவே சேர்த்துடலாம், மருந்து இருக்கு, நீரை வத்த வைக்கலாம். காரணம் தெரிய ரத்தம் அனுப்பணும். உங்ககிட்ட மறைக்க மாட்டேன், இவ்வளவு சின்ன வயசுல இவ்வளவு தடிப்புன்னா கஷ்டம்தான். முதல் வருஷத்தைத் தாண்டணும். தாண்டினவங்க இருக்காங்க." இருக்காங்க என்றாள். நிறைய பேர் என்று சொல்லவில்லை. மனைவி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள், இவன் டாக்டர் சொல்லாத சொல்லைப் பிடித்துக்கொண்டான்.

"குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? ஓடும்போது, வேலை செய்யும்போது?" இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தான். அண்ணன் நோயில் சாகவில்லை, வெயிலில் செத்தான், அது எல்லாருக்கும் தெரியும். உச்சி வெயில், சிமெண்ட் லோடு, இவன் பின்னால் வந்துகொண்டிருந்தான், அண்ணன் பலகையில் ஏறிப்போய் மூட்டையை இறக்கி வைத்தான், ஓரம் பிசகாமல் தட்டி நேராக்கினான், அதன் மேலேயே உட்கார்ந்து சாய்ந்தான். சொட்டைத் தலையன் கேலியாகத் தண்ணீரை எடுத்து மூஞ்சியில் தெளித்தான், "அண்ணே, மாப்பிள்ளைக்கு மெத்தை போடவா?" தண்ணீர் கண்ணுக்குள்ளேயே நின்றது. வெயில் என்றார் மேஸ்திரி, காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான் என்றார்கள், மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனான் என்று இன்றைக்கும் கொட்டகையில் பெருமையாகச் சொல்வார்கள், புது ஆட்களுக்குச் சொல்லிக்காட்டுவார்கள், இவனுக்கே அதைக் கேட்கும்போது நெஞ்சு விரியும்... நெஞ்சு விரியும். அதற்கு முன்னால் எத்தனை முறை பலகையின் பாதியில் நின்றிருக்கிறான், "டேய் தம்பி, கண்ணு இருட்டிக்கிட்டு வருதுடா" என்று, வாயில் ஒரு பிடி சர்க்கரையைப் போட்டு உட்கார வைப்பார்கள், சரியாகிவிடும், எழுந்து மறுபடி தூக்குவான். வெயில் எல்லார் தலையிலும்தானே அடித்தது? அன்றைக்கு வரிசையில் அத்தனை பேர் இருந்தார்களே, அவனை மட்டும் எப்படி... "அண்ணன்" என்றான் டாக்டரிடம். மீதியை மனைவிதான் சொன்னாள், புருஷனின் அண்ணனை அத்தானென்று கூப்பிட்டுப் பழகியவள், ஒவ்வொன்றாகச் சொன்னாள், கண் இருட்டியது வரைக்கும். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தாள், குமிழை உருட்டாமல். "அவருக்குப் பிள்ளைங்க?" ஒரு பொண்ணு, பள்ளிக்கூடத்துல படிக்குது. "நல்லா ஓடியாடி இருக்காளா?" ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் அவள்தான் முதல், அண்ணி கோப்பையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள், அப்பனுடைய பலம் அப்படியே வந்திருக்கிறது என்று இவன்தான் போன தடவை முதுகில் தட்டிக்கொடுத்தான். அதைச் சொல்லாமல், "ஓடுவா" என்று மட்டும் சொன்னான். "அவளையும் கூட்டிட்டு வரணும். அதுவரைக்கும் ஓட வேணாம்னு சொல்லுங்க." அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வது, எந்த வாயால்?

"அப்பா, நீங்களும் சட்டையைக் கழட்டிட்டு ஏறிப் படுங்க." எனக்கெதுக்குங்க, எனக்கு ஒண்ணுமில்ல, சிரித்தான், சிரிப்பு வந்த மாதிரி இல்லை. மதியம் லாரி வருகிறது, மேஸ்திரியிடம் ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். "மயக்கம் வந்திருக்கா எப்பவாவது? படபடப்பு?" இல்லவே இல்லை. சொல்லிவிட்டான், நாக்கு கூசாமல். ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி ஒன்று துள்ளும், ஒரு துள்ளல் விட்டுப்போகும், பிறகு இரண்டு சேர்ந்து வரும். ஒரு தடவை சொட்டைத் தலையனிடம் கேட்டான், உனக்கும் அப்படி இருக்குமாடா என்று, "எல்லாருக்கும் அப்படித்தான்டா, கட்டை அலுத்துப்போனா துள்ளத்தான் செய்யும்" என்றான், அதோடு அது முடிந்தது. அதையா போய் இவளிடம் சொல்வது? சொன்னால் எழுதுவாள், எழுதினால் தூக்காதே என்பாள், தூக்காமல் என்ன செய்வான், வேறு என்ன தெரியும், இந்த முதுகையும் இரண்டு கையையும் தவிர இவனிடம் என்ன இருக்கிறது, பிள்ளைக்கு மருந்து, ஆஸ்பத்திரி, முதல் வருஷம், அதைத் தாண்ட... "ஏங்க, படுங்க" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. தட்ட முடியாத குரல். சட்டையைக் கழற்றினான். கட்டில் பிள்ளைகளுக்கானது, முழங்காலுக்குக் கீழே அந்தரத்தில் தொங்கியது. முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரச் சூடு தட்டுப்பட்டது, குழந்தை கிடந்த இடம்.

டாக்டர் சின்னக் கருவியை மாட்டிவிட்டுப் பெரியதை எடுத்தாள். இந்தத் தடவை மணிக்கட்டில் சூடு பார்க்கவில்லை, பசை நெஞ்சில் சில்லென்று விழுந்தது. மூலையில் மனைவியின் மடிக்கு மாறியிருந்த குழந்தை முனக ஆரம்பித்தான், மருந்து தெளிகிறது, நர்ஸ் அவன் கண்ணையும் உதட்டையும் பார்த்துவிட்டுச் சொன்னாள், "முழிச்சிட்டான், பாவம், காலையிலேருந்து பட்டினி. நிமிர்த்தி வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க." மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நாலு மிடறு, நின்றது, மூச்சு. டாக்டர் ஏதோ பொத்தானைத் தட்டினாள், அறை முழுக்க ஒரு சத்தம், ஈரத் துணியை யாரோ கல்லில் அடிக்கிற மாதிரி, தப்... தப்... அது தன்னுடையது என்று புரிய நேரமாயிற்று. இத்தனை வருஷம் கூடவே இருந்ததை முதன்முதலாகக் கேட்கிறான். நாலு மிடறு, நின்றது. தப், தப், ஒன்று விட்டு, தப்தப். திரை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது, தெரியவில்லை, அவள் முகம்தான் தெரிந்தது. "எத்தனை வருஷமா இந்த வேலை?" என்று கேட்டாள், சொன்னான். "பாரம் எவ்வளவு இருக்கும் ஒரு மூட்டை?" சொன்னான். பேசிக்கொண்டிருக்கிறாள், பேசுகிறவரைக்கும் ஒன்றுமில்லை, பேசட்டும், கேட்டுக்கொண்டே இருக்கட்டும், இன்னும் எதையாவது கேள், மேஸ்திரியைப் பற்றிக் கேள், லாரியைப் பற்றிக் கேள்... சத்தம் நின்றது. பயப்படவில்லை, இப்போது தெரியும், படத்தை நிறுத்தியிருக்கிறாள், அளக்கிறதுக்கு. ஒரு தடவை. மூலையில் நாலு மிடறு. மறுபடி ஓடவிட்டாள், நிறுத்தினாள். அவள் இடது கை குமிழை வட்டமாக உருட்டியது. கீழுதடு பல்லுக்கடியில் போயிற்று.

மனைவி திரும்பாமலே பின்பக்கமாகக் கையை நீட்டினாள், "அந்தத் துண்டைக் குடுங்க, இவனுக்கு வேர்க்குது." கட்டில் கம்பியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டப்போனான், கை பாதியில் நின்றது. புருவத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் காதுக்குள் போனது, பிடரி ஈரம், முதுகு கட்டில் விரிப்போடு ஒட்டியிருந்தது, மேஸ்திரி பார்த்தால் மெச்சியிருப்பார். ஆனால் எதையும் தூக்கவில்லையே, படுத்துத்தானே கிடக்கிறான், இந்தக் குளிரில்... பயத்தில் வந்ததாகத்தான் இருக்கும், பயந்தால் யாருக்கும் வேர்க்கும், எல்லாருக்கும் அப்படித்தான்... அண்ணன் கடைசியாக உட்கார்ந்திருந்தபோதும் முதுகு இப்படித்தான் நனைந்திருந்தது, பின்னால் வந்தவன் இவன், பார்த்தவன் இவன், நம்ம அண்ணன் உழைப்பாளி என்று நினைத்தான். அப்படியானால் இத்தனை வருஷம், ஒவ்வொரு லோடுக்கும், துண்டால் வழித்துத் தரையில் உதறினது எல்லாம்... "ஏங்க, துண்டு" என்றாள். நெற்றியைத் துடைத்துக்கொள்ளாமல், காய்ந்திருந்த பக்கமாகத் திருப்பி, அவளிடம் கொடுத்தான்.